பண்டாரியின் தேங்காயெண்ணெய்

வளன் தோணியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு முன்னால் தேங்காயெண்ணெய் வாசம்தான் வாசலுக்கு வந்து சேரும். கடையில் விற்கிற எண்ணெயின் வாசம் இல்லை அது. தேங்காய்ப்பாலை அடுப்பில் காய்ச்சி இறக்கிய, லேசாகக் கருகின மணம். தலையில், சட்டையில், கழுத்துக் குழியில் எல்லாம் இருக்கும். அந்த வாசம் மூக்கில் ஏறிய நாளிலிருந்து அவன் பெண்டாட்டி ஞானசௌந்தரிக்கு நிம்மதி போய்விட்டது.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்த காலம். வளன் வேலை பார்த்த தோணி உப்பு ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்கும் கொச்சிக்கும் போகும், ஓடு ஏற்றிக்கொண்டு திரும்பும். வீட்டில் அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் வாய் திறக்கும்.

“மீனத் தேங்காயெண்ணெயில பொரிச்சுத் தின்னு பாக்கணும் ஏளா. கறிவேப்பிலைய உருவிப் போட்டு, மொறுமொறுன்னு. அடடா!”

ஞானசௌந்தரியின் அடுக்களையில் எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய்தான்.

“தலையில தேய்க்கிறத யாராவது சட்டியில ஊத்துவாகளா?” என்பாள். பிறகு குரலை இறக்கி, “யாரு பொரிச்சுக் குடுத்தா?” என்று கேட்பாள்.

“பண்டாரிதான். வேற யாரு?”

தோணியில் சோறாக்குகிறவனைப் பண்டாரி என்பார்கள். அவன் பெயர் பத்ரோஸ், குளச்சல்காரன் என்பதெல்லாம் அவள் பல தடவை கேட்டாயிற்று. நம்பத்தான் முடியவில்லை. ஓர் ஆம்பிளை பொங்கிப் போட்ட சோற்றையா ஒரு மனுசன் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்ப்பான்? அடுத்த வீட்டு பிளாரன்ஸ் வேறு, “கொல்லத்துப் பொம்பளைகளுக்கு முடி முட்டுவரைக்கும் தொங்குமாம்க்கா. எல்லாம் எண்ணெய் செய்யுற வேல” என்று கொளுத்திப் போட்டாள். போன வருசக் காய்ச்சலில் கொட்டிப்போய் எலிவாலாக மிஞ்சியிருந்த தன் சடையை ஞானசௌந்தரி தடவிப் பார்த்துக்கொண்டாள். துணி துவைக்கும்போது, அரிசி களையும்போது, கொல்லத்தில் இருக்கிற அந்தப் பெயர் தெரியாத பெண்ணோடு மனசுக்குள் சண்டை போட்டாள். அவளுக்கு ஒரு முகம்கூடக் கொடுத்து வைத்திருந்தாள்.

கடலைக் கலக்குகிற கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் தோணிகளைக் கரையேற்றினார்கள். ஆட்களெல்லாம் ஊருக்குப் போனார்கள். வளன் தோளில் ஒரு சாக்குத் தேங்காயோடும் பின்னால் ஓர் ஆளோடும் வந்து நின்றான்.

“இவன்தான் பத்ரோஸ். அம்மா செத்த பொறவு ஊருல இவனுக்குன்னு யாரும் இல்ல. காத்து அடங்குறவரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டும்.”

கட்டையான உடம்பு, சுருட்டைத் தலை. அவன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் அதே வாசம் வீடெல்லாம் நிறைந்தது. “மைனி, சொகமா?” என்று கும்பிட்டான்.

ஞானசௌந்தரிக்குத் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படியானால் பெண் யாரும் இல்லை! அந்தச் சந்தோசம் பொழுது சாயும்வரைதான் இருந்தது. முற்றத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வளன் கதை சொன்னான், கையை ஆட்டினான், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்தறியாத சிரிப்பு. ஒரு பெண்ணாக இருந்தால் போய் முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். இவனை என்ன செய்ய?

மறுநாள் சோற்றை மட்டும் வடித்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“குழம்பு வைக்கல்லியா?” என்றான் வளன்.

“அதான் பண்டாரி வந்திருக்காருல்லா.”

பத்ரோஸ் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனான். அன்றிலிருந்து அடுக்களை அவனுடையதாகிவிட்டது.

தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, உருளியில் ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருப்பான். எண்ணெய் தெளிந்து மேலே வரும். அடியில் தங்குகிற பொன்னிறக் கசட்டைச் சீனி போட்டு ஞானசௌந்தரியின் மகள் ஹில்டாவுக்குக் கொடுப்பான். அவள் அதை விரல் விரலாக நக்குவாள். உப்புக்காற்றில் வெடித்திருந்த பிள்ளையின் உதட்டில் அந்த எண்ணெயைத் தொட்டு வைத்தார்கள், மெத்தென்று ஆகிவிட்டது. பிளாரன்ஸ் டம்ளரோடு வந்து வாங்கிப் போய்த் தன் பித்தவெடிப்புக்குப் போட்டாள். பிறகு அவளைப் பார்த்துத் தெருவில் பாதிப் பெண்கள் டம்ளரோடு வந்தார்கள். சனிக்கிழமை முற்றத்தில் வளன் குப்புறப் படுக்க, பத்ரோஸ் அவன் முதுகில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்தான். “அங்கனதாம்ல, அங்கனதான்” என்று வளன் முனகினது அடுக்களைவரை கேட்டது.

வயிறு சரியில்லை என்று சொல்லி ஞானசௌந்தரி கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலத்தை ஓட்டினாள். ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, மூடி வைத்திருந்த பொரித்த ஊளி மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். நன்றாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளைக்குச் சடை பின்னும்போது ஹில்டா கேட்டாள்: “ஏம்மா, மாமா போயிட்டா பழையபடி உன் சாப்பாடுதானா?”

ஞானசௌந்தரி பாதி பின்னின சடையை விட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் பத்ரோஸ் காய்ச்சி ஆற வைத்திருந்த எண்ணெயை உருளியோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் சிலுவை நட்டிருந்த குருசடிக்குப் போனாள். அங்கே எரிந்த கல்விளக்கில் ஊற்றினாள். நிரம்பி வழிந்தது. வழிய வழிய ஊற்றினாள். கல்லெல்லாம் எண்ணெய், அவள் காலெல்லாம் எண்ணெய். கும்பிடக்கூட மறந்து வெறும் உருளியோடு திரும்பி வந்தாள்.

“மாதாவுக்கு நேர்ந்திருந்தேன்” என்றாள், யாரும் கேட்கும் முன்னாலேயே.

பத்ரோஸ் உருளியைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தான். “நல்ல காரியம் மைனி” என்றான். அவன் முகம் மட்டும் சுருங்கிப்போயிருந்தது.

விடிந்து வளன் தோணியைப் பழுது பார்க்கக் கடற்கரைக்குப் போனதும், பத்ரோஸ் தன் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அடுக்களை வாசலில் நின்றான்.

“போறீரா?” என்றாள். கேட்கும்போதே குரலில் சந்தோசம் எட்டிப் பார்த்துவிட்டது. அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“போகேன். ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கப்பிடாது.”

“கேளும்.”

“நீங்க ஒருநாளெங்கிலும் எனக்கு அந்தப் புளிக்குழம்ப வச்சுத் தரல்லியே மைனி. ஏன்?”

அவளுக்குப் புரியவில்லை. “எந்தக் குழம்பு?”

“தோணியில நான் என்ன ஆக்கிப் போட்டாலும் அண்ணன் தின்னுபோட்டு ஒரு சொல்லு சொல்லுவாரு. ‘நல்லாத்தான் இருக்கு பத்ரோசு. ஆனா எம் பொண்டாட்டி நல்லெண்ணெய ஊத்தி ஒரு புளிக்குழம்பு வைப்பா பாரு, அந்த ருசி வராது’ன்னு. வெயிலுல, மழையில, ஆடுத தோணியில அடுப்பப் பிடிச்சுக்கிட்டு ஆக்குகது நான். பேரு உங்களுக்கு! கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். அப்படி என்னதான் வைக்கியன்னு பாக்கத்தான் வந்தேன். வந்த மறுநாளே நீங்க அடுப்ப என் தலையில போட்டுட்டு எறங்கிட்டிய. கைப்பக்குவம் எனக்குத் தெரிஞ்சிரப்பிடாதுன்னு ஒளிக்கியன்னு நெனச்சேன்.”

ஞானசௌந்தரி கதவைப் பிடித்துக்கொண்டாள். தோணியில் உட்கார்ந்து இந்த மனுசன் தன் குழம்பைப் பற்றிப் பேசினானா? ஒரு நாள், ஒரு வார்த்தை, வீட்டில் சொன்னானா?

“அவுக இங்கன வந்தா உம்ம மீனத்தான் சொல்லுவாக” என்றாள் மெதுவாக. “நான் வச்சத தின்னுக்கிட்டே உம்ம மீனச் சொல்லுவாக.”

பத்ரோஸ் மூட்டையைக் கீழே வைத்தான்.

“அந்த எண்ணெயக் குருசடியில ஊத்துனது நேர்ச்சையில்ல” என்றாள் அவள்.

“தெரியும் மைனி. நேர்ச்சைன்னா கழுவின பாத்திரத்துல வடிச்சுல்லா கொண்டு போயிருப்பிய.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “புளி ஊறப்போடுதேன். நீரு போய் நல்ல ஊளி மீனா வாங்கிட்டு வாரும்” என்றாள்.

அன்று ஓர் அடுப்பில் அவள் நல்லெண்ணெயைச் சட்டி நிறைய ஊற்றி வெந்தயம் தாளித்தாள். பக்கத்து அடுப்பில் அவன் பழைய குப்பியில் மிச்சமிருந்த தேங்காயெண்ணெயில் மீனைப் போட்டான். அவன் கை கறிவேப்பிலையை எவ்வளவு அள்ளுகிறது என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் புளியை எப்போது விடுகிறாள் என்று அவன் கழுத்தை நீட்டினான். இறக்கியதும் ஒரு கரண்டிக் குழம்பை உள்ளங்கையில் வாங்கி நக்கினவன் விரலிடுக்கையும் விடாமல் நக்கினான்.

“உப்பு ஒரு கல்லு கூட” என்றான் கடைசியில்.

சட்டி காலியாகிற வேகத்தை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் மூடி போட்டாள்.

வளன் வந்து கை கழுவி உட்கார்ந்தான். தட்டில் சோறு, ஒரு பக்கம் பொரித்த மீன், ஒரு பக்கம் புளிக்குழம்பு. முகமெல்லாம் பல்லாகக் குனிந்தவன், நிமிர்ந்து பார்த்தான். இந்தப் பக்கம் பெண்டாட்டி, அந்தப் பக்கம் பண்டாரி. இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

“ரெண்டுல எது ருசி? பிள்ளை மேல ஆணையாச் சொல்லுங்க” என்றாள் ஞானசௌந்தரி.

“தோணியில சொன்னதயே இங்கனயும் சொல்லும் அண்ணே” என்றான் பத்ரோஸ்.

வளன் மீனைப் பார்த்தான். குழம்பைப் பார்த்தான்.

“ரசம் ஏதும் வைக்கல்லியா?” என்றான்.

முதலில் சிரித்தது பத்ரோஸ்தான். ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. புருசனின் விரல் எந்தப் பக்கம் முதலில் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.