கருகாத மூலை

அப்பாவின் காலைக் கழுவும்போதுதான் மகன் பார்த்தான். விரலிடுக்கில் ஈரச்சேறு. ஊரே வெடித்துக் கிடக்கிற கோடையில் கிழவர் சேற்றுக்கு எங்கே போனார்? நேற்று அந்தியில் வந்து கட்டிலில் சாய்ந்தவர் எழவே இல்லை. தண்ணீர் ஊறுகிற கிணறு ஒன்றுதான், அது கணக்குப்பிள்ளையுடையது.

அந்தக் கணக்குப்பிள்ளை விடிந்ததும் துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து வாசலில் குந்தியிருந்தார். நிலவரித் தீர்வை கேட்பதற்குத் தவிர இந்த வாசலை மிதிக்காத மனிதர்.

"நேத்து அப்பா எங்க போனாரு?" மனைவியிடம் அடிக்குரலில் கேட்டான்.

அவள் தலை நிமிரவில்லை. "வயலுக்கு. தெனம் ரெண்டு குடம் ஊத்துவாரு. வாடுறதப் பாக்க முடியலம்மான்னாரு. உங்ககிட்ட சொன்னா குதிப்பீங்கன்னு..."

"தண்ணி குடுத்தது அந்த ஆளா?"

"கேட்டாராம். குடுத்தாராம்."

சும்மா கொடுக்கிற கையா அது? இன்று வெள்ளைக்காரத் துரை வயல் பார்க்க வருகிறார். முழுக்கக் கருகியிருந்தால்தான் தீர்வை தள்ளுபடி. ஒரு மூலை பச்சையாக நின்றாலும் முழுத் தீர்வை. கட்டாவிட்டால் நிலம் ஏலம். ஏலம் எடுக்க இந்த ஊரில் யாரிடம் காசு இருக்கிறது? வாசலைப் பார்த்தான். புழுவைப் போட்டு மீனை இழுக்கிற கதைதான்.

"அப்பாவப் பாத்துக்க" என்று கொல்லை வழியாக ஓடினான்.

மூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் பயிர் கதிர் பிடித்து நின்றது. பிடுங்கினான். வேர் லேசில் வரவில்லை. பிடுங்கியதை மடியில் கட்டி, ஈரத்தைக் காய்ந்த பயிர்த்தாளால் மூடி நிமிர்வதற்குள் குதிரைச் சத்தம். மேலே துரை. கடிவாளத்தைப் பிடித்தபடி கணக்குப்பிள்ளை. வாசலில் இருந்த ஆள் எப்போது எழுந்து போனார்?

"எழவு வீட்ட விட்டுட்டு இங்க என்னப்பா வேல?" என்றார் கணக்குப்பிள்ளை.

"பயிரப் பாத்துட்டுப் போலாம்னு..."

"எந்தப் பயிர? சாம்பலையா?"

துரையின் கண் வயலைச் சுற்றி வந்தது. குதிரையின் மூக்கு ஏமாறவில்லை. கழுத்தை நீட்டி அவன் மடியை முகர்ந்து, ஒரு பச்சைத் தாளைக் கவ்வியது.

கணக்குப்பிள்ளை கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தார். "முழுக்கக் கருகல், துரை. அடுத்த வயல் தூரம்."

துரை தலையசைத்தார்.

மகன் கும்பிடவில்லை. கணக்குப்பிள்ளையின் முகத்தைத் துழாவினான். இதற்கு என்ன விலை சொல்லப்போகிறார்?

"போப்பா, பெரியவர ரொம்ப நேரம் போட்டு வைக்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

குதிரைதான் வரப்பு முடிகிற வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.