ஒன்பது நாள் தலைவர்

ஐப்பசியில் கடல் கொந்தளித்துக் கிடந்த ஒரு நாள், ஒல்லாந்தர் கப்பலுக்குச் சரக்கு ஏற்றிப்போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. செத்த இருவரில் ஒருவன் சடையனின் தம்பி தருமன். தோணிரேவு ஊர்ப் படகுக்காரர்கள் ஒரே கட்சியாகக் கூடி, தை பிறக்கும்வரை சரக்குப் படகு இறக்குவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். நான்கு படகு வைத்திருந்த உலகநாதன்தான் தலைவர்.

மூன்றாம் நாள் ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து அவர்கள் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி வந்தார். நாளைக் காலை கட்சித் தலைவர் நேரில் வந்து பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே உலகநாதனுக்குக் காய்ச்சல் கண்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

"என்னால முடியலப்பா. வேற நல்ல ஆளாப் பாருங்க."

அவருடைய மச்சான் சிங்காரம் எழுந்தான். "தம்பியப் பறிகுடுத்தவன் சடையன். அவன் பேசினாத்தான் நாயம்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். சடையன் அதுவரை கூட்டத்தில் பேசியதில்லை. பேசியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உலகநாதன் தன் தலைப்பாகையை அவிழ்த்து அவன் தலையில் கட்டியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் அவன் மனைவி செல்வம்மாள் அதைப் பார்த்து மகிழவில்லை.

"இத்தினி நாளா உன்ன ஒரு வார்த்த கேட்டாங்களா? இன்னைக்கு இன்னா புதுசா? புடிச்சி வச்சா நீ மாட்டட்டும்னு அனுப்பறாங்க."

"செத்தது என் தம்பி. நான் பேசாம வேற யாரு பேசுவாங்க?"

மறுநாள் காலை கோட்டையில் சடையன் தம்பி செத்த கதையை முழுதாகச் சொன்னான். துபாஷி உள்ளே போய்த் திரும்பி வந்தார். "படகு இறங்கும்வரை நீ இங்கேதான்."

"நான் இங்கியே செத்தாலும் எறங்காது சாமி. சத்தியம் பண்ணியிருக்காங்க."

காவலில் ஐந்தாம் நாள் சன்னல் வழியே பார்த்தான். கோட்டையை ஒட்டிய ஏரியில் சரக்குப் படகுகள் வரிசையாக முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. முதல் படகில் உலகநாதன் நின்றிருந்தார்.

ஒன்பதாம் நாள் அவனை விட்டார்கள். ஊர் திரும்பியதும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். சிங்காரம் அவன் தலைப்பாகையைக் கேட்டு வாங்கி உலகநாதனிடம் கொடுத்தான்.

"உன் உசுரக் காப்பாத்தத்தான்டா சத்தியத்த மீறினோம்," என்றார் உலகநாதன். "நீ மாட்டிக்காம இருந்திருந்தா தை வரைக்கும் நின்னிருப்போம்."

சத்தியத்தை மீறிப் போன அந்தப் பயணத்தில் படகுக்காரன் குப்பன் கடலில் விழுந்து செத்திருந்தான். அவன் மனைவி வசந்தா மண்ணை வாரிச் சடையன் மேல் எறிந்தாள். "உன்னாலதான்டா போனாரு!"

"என்னைத் தலைவனாக்கினது யாரு?" என்று கேட்டான் சடையன்.

மறுபடியும் உலகநாதனே தலைவர் என்று முடிவானது.

அந்த வாரமே செல்வம்மாளை அழைத்துக்கொண்டு சுண்ணாம்புக்குளம் போனான். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நண்டு பிடித்துப் பிழைத்தான். அவ்வூர்க் கூட்டம் எதற்கும் அவன் போனதே இல்லை.