கூச்சம் வந்த பலகைகள்

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை காலையில் தச்சரின் பட்டறையில் இருந்த மரத்துக்கெல்லாம் கூச்சம் வந்தது. ரம்பத்தின் பல் பட்டதும் பலகை நெளிந்து, க்ளுக்கென்று சிரித்து, மேசையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. தச்சர் அதை எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி சிரித்தது. தேக்கு வாயை மூடிக்கொண்டு குலுங்கியது, வேங்கை வெளிப்படையாகவே சிரித்தது, பிளைவுட் மட்டும் அடுக்கு அடுக்காக, ஒன்று முடிந்து அடுத்தது என்று நிதானமாகச் சிரித்துத் தீர்த்தது. தச்சர் மர வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் ஒரு கட்டையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தன் கிடங்கில் இருந்தவரை அது அடக்கமாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு சமயமாக இருந்தால் தச்சர் பட்டறையைப் பூட்டிவிட்டு, மரம் தெளியும்வரை சும்மா இருந்திருப்பார். ஆனால் முந்தின வாரம்தான் அவர் வீட்டு மாடிப்படி விழுந்திருந்தது. செல்லரித்த பழைய மரப்படி. வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஏறினார். கடைசிப் படியைத் தாண்டி மாடியில் கால் வைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, படி மொத்தமும் மாவாகக் கீழே உட்கார்ந்தது. உடனே ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். அக்கா எட்டிப் பார்த்து, "ஏணியில இறங்க நான் என்ன பெயிண்டரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சாப்பாடு கூடையில் கயிறு கட்டி மேலே போயிற்று. காலிப் பாத்திரமும் குறைகளும் கீழே வந்தன.

மாடித் திறப்புக்கு நேர் கீழேதான் தச்சரின் மனைவி மிஷின் போட்டுத் தைப்பது வழக்கம். தெருவில் அவரைத் தையல்காரம்மா என்பார்கள். அக்கா மேலே குப்புறப் படுத்துக்கொண்டு, திறப்பின் வழியாகத் தலையை நீட்டி, காலர் கோணுகிறது, கைக்கு இன்னும் கொஞ்சம் துணி விடலாம், இந்த நிறத்துக்கு இந்த நூலா என்று நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே "சரிங்க அண்ணி" என்பார். ஒரு மத்தியானம் ஊசிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் புருஷனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்த வாரத்துக்குள்ள படி வரலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். எனக்கு மாடிப்படி தேவையில்ல. வாசப்படி போதும்."

அக்காவுக்கும் அவசரம் இருந்தது. செய்தி கேட்டு அவர் கணவர் பஸ் ஏறி வந்து, தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்து நலம் விசாரித்தார், ரொம்ப வருத்தப்பட்டார், அவசரப்படாமல் உறுதியான படியாகவே போடச் சொன்னார். பிறகு பஸ் நிறுத்தத்துக்குச் சீட்டியடித்துக்கொண்டே நடந்து போனார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சீட்டியடித்து அக்கா கேட்டதில்லை. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டேய், படி எப்படா?" என்று திறப்பின் வழியாகக் கத்தினார்.

அறுக்கும்போது பலகை நெளியாமல் பிடித்துக்கொள்ளத் தச்சர் முதலில் வாங்கியது ஸ்பிரிங் கிளாம்ப். துணி மாட்டும் கிளிப்பின் பெரியப்பா மாதிரி இருக்கும். அமுக்கினால் திறக்கும், விட்டால் கவ்வும். அதன் லேசான கவ்வல் பலகைக்கு அக்குளில் விரல் வைத்ததுபோல ஆகிவிட்டது. அது துள்ளிய துள்ளலில் கிளாம்ப்கள் பறந்து மின்விசிறியின் இறக்கைகளைக் கவ்விக்கொண்டன. அடுத்து ஜி கிளாம்ப். திருகைச் சுற்றச் சுற்ற அது ஒரே இடத்தில் போய் அழுத்தியது. பலகை சிரிப்பை நிறுத்தியது. ஆனால் உடம்பில் காசு அளவுக்குப் பள்ளம் விழுந்த கோபத்தில் வில்லாக வளைந்துகொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது. எவ்வளவு நீவிவிட்டும் நேராகவில்லை.

அப்போது தையல்காரம்மாவின் தம்பி வந்தார். லேத் பட்டறை வைத்திருந்தவர். இரும்பைத் தவிர வேறொன்றையும் மதிக்காதவர். "கூச்சம்னா எந்தக் கூச்சம் மாமா? ஆளைப் பாத்து வெக்கப்படுதா, தொட்டா சிரிக்குதா?" என்று விசாரித்தார். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, தச்சர் கண்ணை மூடிக்கொண்டு அறுத்துப் பார்த்தார். சிரித்தது. தொட்டால்தான் என்று உறுதியானது. தம்பி தன் பட்டறையிலிருந்து, இரண்டு தாடைக்கு நடுவில் எதையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து மேசையில் முடுக்கினார். அதன் தாடைகளில் முதலைக்கு இருப்பதுபோல வரிவரியாகப் பல். படியின் பக்கப் பலகையை உள்ளே கொடுத்து, கைப்பிடியில் தொங்கி இறுக்கினார். பலகை மூச்சு விடவில்லை, சிரிக்கவில்லை. அப்புறம் நீளவாக்கில் பிளந்து இரண்டாக விழுந்தது. "இரும்பு இப்படியெல்லாம் பண்ணாது மாமா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுத் தம்பி டீ குடிக்கப் போனார்.

படியின் பக்கத்துக்கு ஏற்ற நீளத்தில் நல்ல பலகை ஒன்றுதான் பாக்கி. அதுவும் போய்விட்டால் அந்த வாரத்தில் படி இல்லை. படி இல்லாவிட்டால் மனைவி இல்லை. தச்சர் அன்றைக்கு இழைப்புளியைத் தொடவில்லை. மரத்தூளில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "எழுந்திருங்க, கடைக்குப் போலாம். எது வாங்கணும்னு நான் பாக்கறேன்" என்றார்.

கருவிக் கடைக்காரர், "எதைப் பிடிக்கணும்?" என்று கேட்டார்.

"சிரிக்கிற பலகையை" என்றார் தச்சர்.

"அகலம் எவ்வளவு?" என்று கேட்டபடியே கடைக்காரர் எடுத்துப் பரப்பினார். தையல்காரம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார், திருகைச் சுற்றிப் பார்த்தார், பிறகு புருஷனின் இடுப்பில் மாட்டினார். தச்சர் மகா கூச்சக்காரர். இது உலகத்தில் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் சட்டை தைக்க வந்தவர், அளவு நாடா விலாவில் பட்டதும் கடை முழுக்க ஓடியிருக்கிறார். கடைசியில் தையல்காரம்மா விரல் நுனியை விட்டுவிட்டு, உள்ளங்கையை முழுசாக விலாவில் பதித்து அழுத்தியபோதுதான் நின்றார். அதற்கப்புறம் போகவே இல்லை. இப்போது கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சின்னத் தாடை உள்ளதற்கெல்லாம் தச்சர் துள்ளினார், கெஞ்சினார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல் வைத்ததற்கு "ஆ" என்றார். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்தார்கள். தையல்காரம்மா யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், வேண்டாததை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் அகலத் தாடை வைத்த மர வேலை வைஸ் ஒன்று வந்தது. தாடையின் உள்பக்கம் மரக்கட்டை பொருத்தியது. ஓரத்தில் கிடந்த கம்பளித் துண்டு ஒன்றை இடையில் கொடுத்து, மெதுவாக, தயங்காமல் இறுக்கினார். தச்சர் அசையாமல் நின்றார். முகம் தெளிந்தது.

"எப்படி இருக்கு?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றார் தச்சர்.

அதையே வாங்கினார்கள். படிப்பலகைகளை ஒட்டும்போது சேர்த்துப் பிடிக்க நீளமான பைப் கிளாம்ப் ஒரு ஜோடியும் எடுத்துக்கொண்டார்கள். பட்டறையில் தையல்காரம்மா முதலில் பலகையின் மேல் உள்ளங்கையைப் பதித்தார். பிறகு தச்சர் கம்பளி கொடுத்து இறுக்கினார். பலகை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ரம்பம் போய்வந்தது. பக்கத்தில் கிடந்த மற்ற கட்டைகள் அதைப் பார்த்துவிட்டுத் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. வாரம் முடிவதற்குள் படி எழுந்தது.

அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் மேல்படியைத் தொட்டுப் பார்த்தார். படி மேலிருந்து கீழ்வரை கலகலவென்று சிரித்தது. அக்கா காலை இழுத்துக்கொண்டார். "என்னைப் பாத்தா சிரிக்குது?"

"அண்ணி, பயந்து பயந்து வைக்காதீங்க. முழுப் பாதத்தையும் வைங்க" என்றார் தையல்காரம்மா, கீழேயிருந்து கையை நீட்டியபடி.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார், பாதத்தை அழுத்தி வைத்தார். படி வாயை மூடிக்கொண்டது. இறங்கி வந்தவர் நேராக மிஷினிடம் போய், அதில் இருந்த சட்டைக் காலரை விரலால் தடவினார். "மேலேருந்து பாக்கறப்போ கோணலாத் தெரிஞ்சுது. நேராத்தான் இருக்கு" என்றார். தையல்காரம்மா அவருக்கு ஒரு ரவிக்கைத் துணியை மடித்துக் கொடுத்தார். அக்கா கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் மத்தியான பஸ்ஸிலேயே ஊருக்குப் போனார்.

மரத்தின் கூச்சம் அதற்கப்புறமும் போகவில்லை. அடுத்த வருஷம் பெரிய அலுவலகத்திலிருந்து மரச் சோதனை அதிகாரி ஒருவர் வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், வைஸின் தாடையைத் திறந்து மூடிப் பார்த்தார், ஒரு தேக்குப் பலகையின் விலாவில் சுண்டுவிரலால் தொட்டார். பலகை சிரித்தது. அதிகாரி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். நல்ல மரம், ஈரம் இல்லை என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போனார்.