ஈப்போவுக்கு எடுத்துவைத்த சதங்கள்

கோப்பாய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்த அருந்ததிக்கு நாணயம் சேர்ப்பதில் அப்படியொரு பைத்தியம். கையில் சில்லறை வந்தால் முதலில் ஆண்டைத்தான் பார்ப்பாள். தன்னிடம் இல்லாத ஆண்டு அகப்பட்டுவிட்டால் அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும். தோட்டம் கொத்துகிறவர்கள் மண்ணுக்குள் கிடைத்த ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசுகளை அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். கலியாண வயதில் செல்லாக்காசு பொறுக்குகிறாள் என்று தாய் சின்னாச்சி குறைப்படாத நாளில்லை.

1937இல் மன்னரின் முடிசூட்டுக்காகப் பள்ளிக்கூடங்களில் பதக்கம் கொடுத்தார்கள். அந்த நாட்களில் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. மலாயாவில் ஈப்போ ரயில் நிலையத்தில் கிளாக்கராக இருந்த மார்க்கண்டு என்பவர், இலங்கையில் கொடுத்த பதக்கம் ஒன்று கிடைத்தால் பதிலுக்கு மலாயா நாணயங்கள் அனுப்புவதாக எழுதியிருந்தார். அருந்ததி தன்னுடையதை அனுப்பினாள். ஒரு மாதத்தில் சதுரமான ஒருசதக் காசுகள் வந்தன. இலங்கையில் ஐந்து சதம்தான் சதுரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருடம் கடிதங்கள் போய்வந்தன. முதலில் ஆண்டும் உலோகமும் மட்டுந்தான். பிறகு ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலைகள் வந்தன, பின்னேர மழை வந்தது, சொந்த ஊரான கொடிகாமத்தை விட்டுப் பதினெட்டு வயதில் கப்பலேறிய கதை வந்தது. 1941 ஐப்பசியில் வந்த கடிதத்தின் கடைசியில் மார்க்கண்டு இப்படி எழுதியிருந்தார்: 'வருகிற ஆண்டு லீவில் வருவேன். நீங்கள் சேர்த்ததையும் நான் சேர்த்ததையும் ஒரே பெட்டியில் வைத்தால் என்ன? சம்மதமென்றால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம், விளங்கிக்கொள்வேன்.'

அருந்ததி அன்றே எழுதியிருப்பாள். சின்னாச்சி விடவில்லை. கொடிகாமத்துக்கு ஆள் அனுப்பிக் குடும்பம் விசாரித்து, சாதகம் பார்த்து முடிய ஐந்து கிழமை போய்விட்டது. அவள் பதிலைத் தபாலில் போட்ட அடுத்த கிழமை யப்பான் படை மலாயாவில் இறங்கியது. தை கழிய அந்தக் கடிதம், தபால் சேவை இல்லை என்ற முத்திரையுடன் அவளிடமே திரும்பி வந்தது.

யுத்தத்தில் வெள்ளிக்காசுகள் மெல்ல மறைந்து மஞ்சள் நிறக் காசுகள் வந்தன. புதிதாக எது வந்தாலும் இரண்டு எடுத்துவைத்தாள். ஒன்று தனக்கு. மற்றது சீலைப்பையில், ஈப்போவுக்கு. இடையில் வந்த இரண்டு சம்பந்தங்களை வேண்டாமென்றாள். யுத்தம் முடிந்ததும் மூன்று கடிதம் எழுதினாள். பதில் இல்லை.

1946 ஆனி மாதம் ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் வாடகைக் கார் ஒன்று நின்றது. இறங்கிய மனிதர் மார்க்கண்டு என்று பேர் சொன்னபோதுதான் அவளுக்கு ஆளைத் தெரிந்தது. நாற்பது வயதுகூட இல்லை. தலை முழுக்க நரை. யுத்த நாளில் இறந்த தகப்பனுக்குப் பிதிர்க்கடன் கழிக்கக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகும் வழி என்றார். காரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். யப்பான்காரர் தனிக்கட்டைகளைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டுபோன நாட்களில், தூரத்து மாமன் ஒருவர் தன் மகளைக் கட்டிவைத்தாராம். மார்க்கண்டு சேர்த்த நாணயங்களெல்லாம் அரிசிக்கும் மலேரியாவுக்கான கொய்னா மருந்துக்கும் போய்விட்டன. ஈப்போவை விட்டு இடம் மாறியதால் அவள் எழுதிய எதுவும் கிடைக்கவுமில்லை.

"நீங்கள் எழுதேல்லை. விருப்பமில்லை எண்டு நினைச்சிட்டன்," என்றார்.

"எழுதினனான். சண்டை துவங்கித் திரும்பி வந்திட்டுது."

"என்னெண்டு எழுதினியள்?"

"ஓம் எண்டு."

காரில் குழந்தை அழுதது. அருந்ததி போய் அந்தப் பெண்ணை நிழலுக்குக் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவள் குடிக்கும்வரை குழந்தையைத் தோளில் வைத்திருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சீலைப்பையை எடுத்துவந்து மார்க்கண்டுவின் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்கெண்டு எடுத்து வைச்சது. கொண்டுபோங்கோ."

அவர் பையை அவிழ்த்து ஒரு காசை வெளிச்சத்தில் பிடித்து ஆண்டைப் பார்த்தார். அடுத்ததை எடுக்கக் கை வரவில்லை. போயிட்டு வாறன் என்று சொல்லாமலே பையோடு போய்க் காரில் ஏறினார்.

வகுப்பில் பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். கொப்பிகளை மூடிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள். மணியடிக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஓடிப்போனார்கள். அவள் கதிரையை யன்னலோரம் இழுத்துப்போட்டுக்கொண்டு, கீரிமலைப் பக்கம் போகும் றோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.