மூடியில் எழுதியது

இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. மழைக் கண்ணாடியில் கரையும் சிக்னல் விளக்கு மாதிரி, தட்டு முழுக்கப் பச்சை.

அழகாகத்தான் இருந்தது. நுண்ணோக்கியிலிருந்து சட்டென்று கண்ணை எடுத்தேன்.

வைரஸ் நுழைந்த செல் பச்சையாக ஒளிரும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறோம். சாதாரணச் சளி வைரஸ். அதன் மரபணுவை வெட்டி, ஒட்டி, புற்றுநோய் செல்லை மட்டும் கொல்லப் பழக்கியிருக்கிறோம். பழகியதா? தெரியாது.

இரண்டு தட்டுகள். ஒன்றில் சாருலதா அக்காவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் செல்கள். இன்னொன்றில் அதே மார்பின் நல்ல செல்கள்.

இரண்டும் அக்கா. ஒன்று மட்டும் எரிய வேண்டும்.

"சளி பிடிக்கவெச்சு கட்டிய விரட்டப் போறியாடி? நல்ல வைத்தியம்தான் போ." சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது அக்கா சிரித்தாள். கீமோவில் புருவம் உதிர்ந்த சிரிப்பு.

ஒரு தட்டு மட்டும்தான் பச்சை. அதன் மூடியைப் பார்த்தேன். என் கையெழுத்து. 'நல்லது.'

வெளியே நவம்பர் மழை. எனக்குள் ஒரே சத்தம். நல்லதைத் தின்கிறது. நல்லதைத் தின்கிறது.

ஆய்வுக்கூடத் தலைவர் ஆக்னஸ் மேடம் வந்தார். தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஒன்றுமே எழுதவில்லை.

"மூடியிலயா எழுதின? அடியில எழுதும்மான்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"நேத்து ஊட்டத் திரவம் மாத்தறப்போ ரெண்டு மூடியையும் ஒண்ணாத் திறந்துட்டேன் மேடம்."

"அப்ப இது எந்தத் தட்டு?"

தெரியவில்லை.

உறையவைத்த செல்களில் இரண்டு வகைக்கும் ஒவ்வொரு குப்பிதான் மிச்சம். அதிலும் நல்லது ஒளிர்ந்தால், இந்த வைரஸ் இதோடு முடிந்தது.

மறுபடி வளர்த்தேன். மறுபடி வைரஸ் விட்டேன். மழை. அக்காவின் ஃபோனை எடுக்கவில்லை. மழை.

குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "உன் வைரஸுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுதாடி?" கொஞ்சம் கழித்து இன்னொன்று. "இந்த மருந்து எனக்குக் கிடைக்காதுன்னு தெரியும். வேற யாருக்காச்சும் ஆகும்ல. சும்மா சொல்லு."

இன்று. அடியில் எழுதிய தட்டுகள்.

கட்டி. பச்சை. கண் கூசும் பச்சை.

அடுத்தது நல்லது. மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை வைத்தேன்.

இருட்டு.

அக்காவைக் கூப்பிட்டேன். "தெரிஞ்சுதுக்கா."

"அப்புறம் எதுக்குடி அழற?"

ஃபோனைக் காதில் வைத்தபடியே மறுபடி குனிந்தேன். ஓரம் ஓரமாக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், இந்த இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி இருந்துவிடக் கூடாதே என்று.