இருக்க ஏலாத மனுசன்

ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரைகளோடு வீடு வந்த பிறகு சிமியோனுக்குக் குரல்கள் கேட்கவில்லை. குருநகர்க் கரையில் யாரோ தன்னை ஏசிக்கொண்டே பின்னால் வருகிறார்கள் என்று மாசக்கணக்காகத் துடித்தவன். "இப்ப ஒரு சத்தமும் இல்லை" என்று அவன் சொன்ன அன்றைக்குத்தான் மனைவி ஜெசிதா வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரு கிழமைக்குள் வேறொன்று தொடங்கியது. கதிரையில் உட்கார்ந்தவுடனே எழும்புவான். குசினிக்கும் வாசல் படலைக்கும் நடப்பான். நின்றாலும் கால்கள் மாறிமாறி மிதிக்கும். சோற்றையும் நடந்தபடியே தின்றான்.

"கொஞ்சம் இருங்கோவன்" என்றாள் ஜெசிதா.

"ஏலாதப்பா. உள்ளுக்கை ஏதோ பிடிச்சுத் தள்ளுது."

"உவனுக்குத் திரும்ப முத்துது, குளிசையைக் கூட்டிக் குடு பிள்ளை" என்றாள் சிமியோனின் தாய் லூர்த்தம்மா. ஜெசிதாவுக்கும் அப்படித்தான் பட்டது. இரவுக் குளிசையோடு இன்னொரு பாதியையும் உடைத்துக் கொடுத்தாள். அவன் படுக்கையிலும் கால்களை உதைக்கத் தொடங்கினான்.

கடலுக்குப் போனால் மனம் ஆறும் என்று தமையன் கனிசியஸ் விடியவே அவனைக் கூட்டிக்கொண்டு போனான். வலை இறக்கும்போது சிமியோன் எழும்பினான், இருந்தான், திரும்ப எழும்பினான். போட் ஒருபக்கம் சரிந்தது.

"இரடா! கவிழ்க்கப் போறாய்!"

சிமியோன் கடலுக்குள் பாய்ந்தான்.

கனிசியஸ் அவனைச் சேட்டில் பிடித்து இழுத்து ஏற்றினான். கரைக்கு வரும்வரை அழுதது கனிசியஸ்தான்.

"நான் சாகக் குதிக்கேல்லை அண்ணை," என்றான் சிமியோன், போட்டை விட்டு இறங்கும்போது. "கையைக் காலை அடிக்கவேணும் போலை கிடந்தது. ஆனா இப்பிடியே இருந்தா ஒருநாள் செத்துப்போவன்."

கரையில் நின்ற ஜெசிதா அதைக் கேட்டாள். ஈர உடுப்பை மாற்றிவிட்டு உடனேயே அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

டொக்டர் அவனுடைய கால்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். "விரும்பியோ நடக்கிறியள்? இல்லாட்டி நடக்காமல் இருக்க ஏலாமலோ?"

"இருக்க ஏலாமல்," என்றவனுக்குக் கண் கலங்கியது. இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

"குரலை அடக்க மூளையிலை ஒரு ரசாயனத்தை மறிச்சிருக்கிறம். உடம்பின்ரை அசைவுக்கும் அதுதான் வேணும். அதாலைதான் இந்த இருக்கேலாத அந்தரம். இது உங்கடை வருத்தம் முத்தினதில்லை, குளிசையாலை வாறது."

ஜெசிதா பைக்குள் இருந்த குளிசைகளை எடுத்து நீட்டினாள். "நான் பாதி கூடக் குடுத்தனான், டொக்டர்."

"நாங்கள் முன்னமே சொல்லியிருக்கவேணும், தங்கச்சி. இனி நீங்களாக் கூட்டவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம்."

அந்தக் குளிசையைக் குறைத்து, வேறொன்றை மெல்லமெல்லக் கூட்டினார்கள். கால்கள் அடங்கின. இடையில் ஒருநாள் மீன்சந்தையில் பழைய குரல் திரும்ப ஏசியது. அதைச் சிமியோன் ஒளிக்கவில்லை, வந்து ஜெசிதாவிடம் சொன்னான். டொக்டர் அளவை மாற்றினார். குரல் முழுக்கப் போகவில்லை. தூரத்து றேடியோ போல எப்போதாவது கேட்கும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கனிசியஸ் அவனைத் திரும்பக் கடலுக்கு ஏற்றினான். ஜெசிதா வேண்டாம் என்று சொல்லவில்லை. போட் திரும்பி வரும்வரைக்கும் அவளால்தான் வீட்டில் இருக்க முடியவில்லை.