இரவல் துடிப்பு

காலை ஐந்தரைக்குப் பணிமனைக் கழிப்பறைக்குப் பின்னால், மீசைக்கார டிரைவர் தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிக் கண்டக்டரின் கையில் அவ்வளவு பாந்தமாகக் கட்டிவிடுவார். பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

விஷயம் வேறு. போன வருஷம் வேறொரு தடத்தில் ஒரு டிரைவர் ஓட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, பஸ் நேராக ஒரு நாற்காலிக் கடைக்குள் போய் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் டிரைவர்கள் எல்லோருக்கும் இந்தப் பட்டை. நாடித்துடிப்பு சரியாக இருந்தால் ஸ்டியரிங் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். தாறுமாறானால் மஞ்சள், உடனே கண்காணிப்பு அறையிலிருந்து ஒரு பெண் ஃபோனில் கூப்பிடுவாள். மூன்று மஞ்சள் விழுந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டயர் கிடங்கில் ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். மீசைக்காரருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விழுந்துவிட்டது.

மனைவி போய் மூன்று வருஷம். வீட்டில் நான்கு நாற்காலிகள், மூன்றில் துவைத்த துணி. வெளிநாட்டு மகள் ஞாயிறுதோறும் ஃபோனில் "சாப்டீங்களாப்பா?" என்பாள். "ம்" என்பார். அதோடு அந்த வாரத்துப் பேச்சு தீர்ந்தது. மனிதர் நாளெல்லாம் பேசாதவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். யாரோடு பேசுவது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரின் இருமலும் சண்டையும் சிரிப்பும் கேட்கும். அது போதும் அவருக்கு. டயர்கள் இருமாது.

"குடுங்கண்ணே, என் நெஞ்சு சும்மாதான கெடக்கு" என்று பட்டையை வாங்கிக்கொண்டவர் கண்டக்டர். நாற்பத்திரண்டு வயது, கட்டைப் பிரம்மச்சாரி.

சும்மா கிடக்கவில்லை என்பது பத்தாம் நாள் தெரிந்தது. கண்காணிப்பு அறைப் பெண் கூப்பிட்டாள். "அண்ணே, வெளக்கு பச்சதான், பயப்படாதீங்க. ஆனா தெனமும் எட்டு இருபதுக்கு உங்க துடிப்பு குதிக்குதே. தபால் ஆபீஸ் ஸ்டாப்புல ரோடு மோசமா?"

"மேடு இருக்கும்மா" என்று மீசைக்காரர் சமாளித்தார். மறுநாள் எட்டு இருபதுக்குக் கண்ணாடியில் பார்த்தார். பின்வாசலில் தையற்காரப் பெண்மணி ஏறினாள், தோளில் துணிப்பை, காதோரம் நரை. ஒரு சீட்டைக் கிழிக்கக் கண்டக்டருக்கு மூன்று தடவை பிடித்தது. மீசைக்காரர் சிரித்தார். வயசான காலத்தில் இதுவேறா! அப்புறம் தினமும் எட்டு இருபதுக்குக் கண்ணாடியைப் பார்ப்பது வழக்கமாயிற்று. தன் பெயரில் எங்கோ ஒரு திரையில் அந்த நேரத்துக்கு ஒரு கோடு துள்ளும் என்ற நினைப்பு, கூச்சமாகவும் கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

ஒரு மாதம் ஓடிற்று. ஒரு நாள் காலை கழிப்பறைக்குப் பின்னால் அவர் பட்டையின் கொக்கியை அவிழ்த்தபோது கண்டக்டர் தன் கையை நீட்டவில்லை.

"அவங்க கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிட்டாங்கண்ணே."

"அட! சொல்லவே இல்ல பாரு, திருட்டுப் பய!"

"நேத்து பட்டையப் பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க. பொய் சொல்ல வரல." கண்டக்டர் தரையைப் பார்த்தார். "திட்டிட்டாங்கண்ணே. நான் ஏறுற பஸ்ஸ ஓட்டுறவர் நெஞ்சு எப்படி இருக்குன்னு யாருக்குமே தெரியாதான்னு கேட்டாங்க. இனிமே பட்டைய வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

மீசைக்காரர் பட்டையைத் தன் கையிலேயே இறுக்கிக்கொண்டார்.

எட்டு மணி வரை பச்சை. எட்டு பத்துக்கு இடது தோளில் யாரோ கை வைத்து அழுத்துவது போலிருந்தது. சந்தைத் திருப்பத்தில் வியர்த்தது. ஒரு இழுப்பில் பட்டையை அவிழ்த்துவிடலாம். கை கழுவும்போது மறந்துவிட்டேன் என்றால் நம்புவார்கள். விரல் கொக்கி வரை போனது. எதிரே தபால் ஆபீஸ் நிறுத்தம். துணிப்பையோடு தையற்காரப் பெண்மணி நின்றிருந்தாள். பஸ்ஸை அல்ல, டிரைவரைப் பார்த்தாள்.

விரல் ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. மூன்றாவது மஞ்சள் எரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருகினார். ஃபோன் அடித்தது.

"அண்ணே, என்னண்ணே இது? ஒரு மாசமா பாக்குறேன், இது உங்க துடிப்பு மாதிரியே இல்லையே. யாரோடது?"

"இதுதாம்மா என்னோடது."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். "அசையாம உக்காருங்க. ஆம்புலன்ஸ் கெளம்பிடுச்சு. ஃபோன வெச்சுடாதீங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

"பேசும்மா" என்றார்.

"காலங்காத்தாலயே பிரேக் டவுனா?" என்று முணுமுணுத்தபடி நாற்பது பேரும் இறங்கினார்கள். கண்டக்டர் முன்வாசலுக்கு ஓடிவந்தார். பின்னால் தையற்காரப் பெண்மணி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியபடி. மீசைக்காரர் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். கடைசி வரிசை வரை காலி இருக்கைகள். ஜன்னலோரம் ஒன்றில் யாரோ மாட்டி மறந்துபோன குடை, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.